மஞ்சக்குடல்

எங்கள் கிணற்றில் ஆயில் எஞ்சின் வந்து உட்கார்ந்த வருஷம்தான் பொறாமை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் பொறாமைப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன்மார் இரண்டு பேரும் கம்பத்தில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். தோட்டத்து வீட்டில் பிள்ளை என்று நான் ஒருத்திதான். அம்மாவின் முந்தானை, அம்மாவின் மடி, சோற்றுப் பானையின் அடியில் பிடித்திருக்கும் காந்தல் எல்லாம் எனக்கே. கேட்டுப் பெற வேண்டிய நிலைமையே கிடையாது.

எங்கள் தோட்டம் கூடலூருக்குக் கிழக்கே மேட்டில் இருந்தது. எங்கள் தோட்டம் என்று சொல்வது வாய்ப்பழக்கம். அது கம்பத்துப் பெரியவீட்டு முதலாளியுடையது. அப்பா குத்தகைக்குப் பார்த்தார். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள் எங்களுக்குக் கீழே பச்சையாகப் பரந்து கிடக்கும். மேட்டில் இருந்த எங்களுக்கு கிணறும், கமலையில் தண்ணீர் இறைக்கும் மாடுகளும்தான் கதி. முதலாளி கொஞ்சம் புதுமை விரும்பி. கமலையை எடுத்துவிட்டு எஞ்சின் வைத்தால் வாழை போடலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, சென்னைப்பட்டணத்து எஞ்சின் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார். எஞ்சின் வண்டியில் வந்தது. அதைப் பூட்ட ஒரு ஜெர்மன்காரரும் வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் நாலைந்து கிணறுகளுக்கு எஞ்சின் பூட்டும் வேலை அவருக்கு இருந்ததால், எங்கள் தோட்டத்தின் மேற்கு மூலையில் முதலாளி கட்டிப் போட்டிருந்த பங்களாவிலேயே குடும்பத்தோடு தங்கினார். ஊரில் அவரை எஞ்சின் துரை என்றார்கள். அவர் மனைவி துரைசாணி. மகள் ஹில்டாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

வந்த புதிதில் ஹில்டாவைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. சோளத்தட்டை நிறத்தில் தலைமுடி, முழங்கால் வரை ஒரு கவுன், எப்போதும் காலில் பூட்ஸ். வாழைக்கன்றுகளுக்கு இடையில் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு அவள் நின்றால் நானும் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் பக்கத்தில் அது புதிது இல்லை. குளிரும் நடுக்கமுமாக வரும் மலைக்காய்ச்சல், யாரையாவது கொண்டுபோகாமல் ஒரு மழைக்காலம் முடிந்ததில்லை. கொயினா மாத்திரையில் ஹில்டாவுக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பினாள். ரொட்டி கொடுத்தால் முகத்தைத் திருப்பினாள். கம்பத்து டாக்டர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை, நாக்குக்குப் பிடித்தது எதையாவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் நாக்குக்குப் பிடித்தது இந்தப் பள்ளத்தாக்கில் எங்கும் கிடைக்காத பண்டமாக இருந்தது.

எஞ்சின் துரை சுமாராகத் தமிழ் பேசுவார். கிணற்றடியில் அப்பாவிடம் அவர் சொன்னதை அப்பா வீட்டில் வந்து சொன்னார். அவர்கள் தேசத்தில் கறியை வெண்ணெய் போல அரைத்து, குடலில் அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, ஆறவைத்து, வெற்றிலை கனத்துக்குச் சீவி அப்படியே சில்லென்று தின்பார்களாம். காரம் ஒரு பொட்டும் இருக்காதாம். மேலே தோல் மஞ்சள் நிறம், உள்ளே வெள்ளை. நோயில் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்கு அங்கே அதைத்தான் கொடுப்பார்களாம். ஹில்டா அதைக் கேட்டு அழுகிறாள். துரைசாணிக்குச் செய்யத் தெரியும். ஆனால் அவர்களிடம் இருக்கிற கைமிஷினில் போட்டால் கறி நொய்யாகத்தான் விழுகிறதாம், வெண்ணெயாக வரவில்லை.

"அதுக்கு நீங்க என்ன சொன்னீக?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க வீட்ல அரைச்சா சந்தனமா வரும் துரைன்னு சொன்னேன்."

அம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் அரைக்கிற லட்சணத்தைப் பற்றி அப்பா வாய்திறந்தது அதுவே முதல் தடவை. அதுவும் ஒரு வெள்ளைக்காரரிடம். அவள் சந்தோஷப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டுக்கறி என்றாலும் பன்றிக்கறி என்றாலும் தான் கை வைக்க முடியாது என்று மட்டும் சொன்னாள். அப்பா போய்ச் சொன்னார். இளங்குட்டிக் கறியும் கோழி நெஞ்சுமாகவே செய்து பார்க்கலாம் என்று துரைசாணி ஒப்புக்கொண்டாளாம். இப்படியாக, என் அம்மாவை அப்பாவே கையைப் பிடித்து அந்தப் பங்களாவுக்கு அனுப்பிவைத்தார். பின்னால் இதை நினைத்து அவர் எவ்வளவு நொந்துகொண்டார் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் அம்மா விடியக் கருக்கலில் போனவள், வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். நான் பழைய சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு, தொடாமல், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஏன் திங்கவில்லை என்று அவள் கேட்பாள், நான் அழலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சோற்றுச் சட்டியை எடுத்து ஒரு கரண்டி மோர் விட்டு என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். குடலைச் சுண்ணாம்புத் தண்ணீரும் உப்பும் போட்டு அலசிக் கொடுத்ததும் துரைசாணி மூக்கருகே வைத்துப் பார்த்து வாயைப் பிளந்தாளாம். கறி சந்தனமாகத்தான் அரைபட்டதாம். ஆனால் வேகும்போது வெடித்து, கொழுப்பு தனியாகவும் கறி தனியாகவும் பிரிந்து, பார்க்கச் சகிக்கவில்லையாம். சொல்லிக்கொண்டே அவள் சிரித்தாள். வீணாய்ப்போன ஒரு பண்டத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் கையில் ஏலக்காயும் ஜாதிபத்திரியும் எலுமிச்சைத் தோலும் கலந்து ஒரு வாசனை அடித்தது. என்னைத் தூக்கி மடியில் வைத்தபோது அந்த வாசனை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கென்று ஒரு வாசனை இருந்தது. அது காணாமல் போயிருந்தது.

மறுபடி போனாள். மறுபடியும் பிரிந்துபோயிற்று. கறி அரைபடும்போது சூடேறிவிடுகிறது, அதுதான் கோளாறு என்று துரைசாணி கையாலும் கண்ணாலும் சொல்லிப் புரியவைத்தாளாம். அவர்கள் ஊரில் பனிக்கட்டி போட்டு அரைப்பார்கள். இங்கே பனிக்கட்டிக்கு எங்கே போவது? இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அம்மியையும் குழவியையும் முந்தின சாயங்காலமே ஈரச் சாக்கால் மூடி, கிணற்றுத் தண்ணீர் தெளித்து வைப்பது, கறியைத் தூக்குச்சட்டியில் போட்டு கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிக் குளிரவைப்பது, சூரியன் கிளம்புமுன் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து எடுப்பது. யார் எதைச் சொன்னார்கள் என்று தெரியாது. அம்மா சொல்லும்போது எல்லாவற்றையும் 'நாங்க' என்றுதான் சொன்னாள். 'நாங்க' என்றால் அதுவரை அம்மாவும் நானும். அந்த வார்த்தையில் வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள்.

ஒருநாள் சரியாக வந்துவிட்டது. அன்றைக்கு அப்பாவின் முழங்கைக் கனத்தில் ஒரு துண்டு எங்கள் வீட்டுக்கும் வாழையிலையில் மடித்து வந்தது. குடலுக்கு மஞ்சள் தண்ணீர் பூசியிருந்தார்கள். துரைசாணி சொன்ன ஜெர்மன் பெயரை அம்மா வந்து சொன்னாள். அப்பாவுக்கு அது கெல்ப்பு வருஷம் என்று கேட்டது. அம்மாதான் அதற்கு மஞ்சக்குடல் என்று பெயர் வைத்தாள். ஊரெல்லாம் அதுவே நின்றது. அப்பா ஒரு சீவலை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு, உப்புக்கண்டத்துக்குப் பக்கத்தில் இது வராது என்று தீர்ப்புச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாருக்காகவோ செய்ததை நான் ஏன் தின்ன வேண்டும்?

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. யார் வீட்டில் புகைகிறது என்று பார்த்து ஊதிவிட்டுப் போவதில் கெட்டிக்காரி. அம்மா இல்லாத ஒரு காலையில் வந்து எனக்குத் தலைவாரிவிட்டபடி, வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒங்கம்மா கையால ஊட்டுனாத்தான் எறங்குதாம்ல, என்றாள். ஒங்கம்மாவுக்கு இன்னொரு மக கெடைச்சிட்டா, இனிமே நீ எங்க வீட்டுக்கு வந்திரு, என்றாள். தமாஷாகத்தான் சொன்னாள். நான் பாதிப் பின்னலோடு எழுந்து பங்களாவுக்கு ஓடினேன்.

பின்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். நான் பார்த்ததை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை அதுவரை நாற்காலியில் பார்த்ததே இல்லை. அவள் அப்பாவுக்கு எதிரில் மணைக்கட்டையில்கூட உட்காரமாட்டாள். எதிரில் பிரம்பு நாற்காலியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஹில்டா. அம்மா ஒரு பீங்கான் தட்டிலிருந்து மஞ்சக்குடல் சீவலை எடுத்து, ஓரத்து மஞ்சள் தோலை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, சுருட்டி அவள் வாயில் வைத்தாள்.

"இன்னும் ஒரு வாய், ஆத்தா. எங் கண்ணுல்ல."

என்னை அம்மா கூப்பிடுவது 'ஏ புள்ள', 'இந்தாடி', கோபம் வந்தால் 'மூதேவி'. ஆத்தா என்று அழைத்தது எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, ஆத்தா என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தது. துரைசாணி அடுப்படியில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். வாயை முந்தானையால் மூடாமல், தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய. அப்படி ஒரு சிரிப்பு அம்மாவிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. எனக்குத் தராமல் அதை ஒளித்துவைத்திருந்து, இவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

என்னைப் பார்த்ததும் துரைசாணி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு முக்காலியில் உட்காரவைத்தாள். ஹில்டா தன் தட்டிலிருந்து ஒரு சீவலை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளாகவே, யாரும் சொல்லாமல். வாங்கக் கூடாது என்று நினைத்தேன். அம்மா கண்ணால் வாங்கு என்றாள். வாங்கித் தின்றேன். எனக்கு அது பிடிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் சப்பென்றுதான் இருந்தது. அப்புறம் குளிர்ச்சியாக, மெத்தென்று, மெல்லவேண்டிய வேலையே இல்லாமல் கரைந்தது. கடைசியில் லேசாக ஏலக்காய் வந்தது; அதற்குப் பின்னால் எலுமிச்சை. இவ்வளவு நல்லதை அம்மா இவளுக்காக அரைத்தாள் என்ற நினைப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமில்லாத பண்டத்தைத் தின்று கண்ணீர் விட்டவள் அந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் எனக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை என்று படுத்துக்கொண்டேன். அப்பா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கூடலூருக்கு ஓடி வைத்தியரிடம் நிலவேம்புக் கஷாயம் வாங்கிவந்து, என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார். உண்மையாகவே வாய் கசந்தது. அம்மா கதவோரம் நின்று உதட்டை மடித்துக்கொண்டு பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் பங்களாவுக்குப் போகவில்லை. வீட்டிலேயே, எங்கள் அம்மியில், எனக்கென்று மஞ்சக்குடல் செய்தாள். நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, ஒரு பொட்டும் விடாமல் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு. ஆனால் அவள் கை அரைத்துக்கொண்டிருந்ததே தவிர, பேச்சு முழுக்க அங்கேதான் இருந்தது. இஞ்சியை இந்த அளவுக்கு மேல் போட்டால் துரைசாணி முகத்தைச் சுளிப்பாக. தண்ணீர் கொதிக்கவிடக் கூடாது, விரலை விட்டால் பொறுக்காத சூடு போதும் என்று துரைசாணி சொல்வாக. வாழைநாரில் முடிச்சுப் போடுவதை நான் துரைசாணிக்குச் சொல்லிக்கொடுத்தேன், இப்ப என்னைவிட நல்லாப் போடுறாக என்றாள். நடுவில் அவளாகவே எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டாள். எனக்கென்று செய்த மஞ்சக்குடலைச் செய்து முடிக்கும் முன்பே அது எனக்கு வேண்டாததாகிவிட்டது. இருந்தாலும் தின்றேன், பாதிக்கு மேல். மீதியை அப்பா மிளகாயோடு தின்றார்.

தை பிறந்தது. ஹில்டா தேறிவிட்டாள். வாழைத்தோட்டத்தில் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். சோறு தின்றாள், ரசம் குடித்தாள், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கருப்பட்டி கேட்டாள். இனி அம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று நான் கணக்குப் போட்டேன். அப்பாவும் அதையே போட்டிருக்கிறார். ஆனால் அம்மா போய்க்கொண்டுதான் இருந்தாள். மஞ்சக்குடல் இல்லாவிட்டால் ரொட்டி சுட, அதுவும் இல்லாவிட்டால் சும்மா. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது கேட்டேவிட்டார்.

"அதான் பிள்ளை தேறிட்டாளே. இன்னும் அங்கன என்ன சோலி ஒனக்கு?"

"அங்கன இருந்தா நேரம் போறதே தெரியல."

"இங்கன தெரியுதோ?"

அம்மா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அப்பா ஈரக்கையோடு கொஞ்சநேரம் நின்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரே வீட்டில் ஒரே வியாதிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். எனக்காவது ஹில்டா என்று கைநீட்டிக் காட்ட ஓர் ஆள் இருந்தாள். அவருக்கு அதுவும் இல்லை.

அந்த வருஷம் ஆவணி முடிகிற சமயத்தில் யுத்தம் வந்துவிட்டது. அப்பா கம்பம் சந்தையிலிருந்து செய்தி கொண்டுவந்தார். இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் அடித்துக்கொள்கிறார்களாம். அது எங்கேயோ கடலுக்கு அப்பால் என்றுதான் நினைத்தோம். சில நாளில் ஒரு மோட்டார் கார் எங்கள் வாழைத்தோட்டத்து வண்டிப்பாதையில் குலுங்கிக்கொண்டு வந்து நின்றது. சர்க்கார் ஆட்கள் இறங்கினார்கள். எஞ்சின் துரை ஒரு துணிப்பெட்டியோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து ஏறினார். போகிற போக்கில் அப்பாவிடம், எஞ்சினுக்கு வாரம் ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். துரைசாணியும் ஹில்டாவும் பங்களாவிலேயே இருக்கவேண்டும், வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் ஒரு போலீஸ்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

அதோடு பங்களாப் பக்கம் போவதை ஊரே நிறுத்திக்கொண்டது. பால்காரர் நின்றார். துணி வெளுக்கிறவர் நின்றார். முதலாளி ஆள்விட்டு, குத்தகைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அப்பா அம்மாவிடம் வந்து, எதிரி தேசத்துக்காரவுக, நாளைக்கு நம்மையும் சேர்த்து இழுப்பாக, குத்தகை போயிரும், இனிமே நீ போகக் கூடாது என்று சொன்னார். கத்தவில்லை. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. எனக்கோ உள்ளுக்குள் பொங்கல் வைத்தது போல இருந்தது. இதைவிடச் சுலபமாக யாரால் அம்மாவைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் சரி என்று சொன்னதாகத்தான் நாங்கள் இருவரும் நினைத்தோம். மறுநாள் விடிந்ததும் தூக்குச்சட்டியில் பாலை ஊற்றிக்கொண்டு, குளித்து, நல்ல சேலை உடுத்தி, பின்பாதை வழியாக அல்ல, முன்பாதை வழியாக நடந்தாள். அப்பா வாசலில் நின்று மறித்தார்.

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீங்கதான அனுப்பிவச்சீக. இப்ப எனக்குப் போகத் தோணுது."

அப்பா வழிவிட்டார். அவர் வழிவிட்டது எனக்கு அம்மா போனதைவிட ஆச்சரியமாக இருந்தது. போலீஸ்காரர் முதலில் அதட்டினாராம். பிள்ளைக்குப் பால் என்று அம்மா சொல்ல, சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். அப்புறம் தினமும் போனாள். அந்தப் பிள்ளைக்காக இவ்வளவு செய்கிறாளே, எனக்கு ஒரு ஆபத்து வந்தால் இப்படி அப்பாவை எதிர்த்து நடப்பாளா என்று நான் படுத்தபடி யோசித்தேன். நடப்பாள் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் வேண்டுமென்றே நடக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

கார் மறுபடியும் வந்தது ஒரு புதன்கிழமை. துரைசாணியையும் ஹில்டாவையும் கொண்டுபோக. முந்தின நாளே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று விடியுமுன் எங்கள் வீட்டு அம்மியில் அவள் தனியாகக் கறி அரைக்கும் சத்தம் கேட்டு நான் விழித்தேன். அப்பாவும் விழித்திருந்தார். எழுந்துபோய், கேட்காமலே, கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்துக்கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அம்மியில் சூடேறாமலிருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

வாழையிலையில் கட்டிய மஞ்சக்குடலோடு மூன்று பேரும் போனோம். துரைசாணி சாம்பல் நிறக் கவுனும் தொப்பியுமாகப் படியில் நின்றாள். தொப்பி வைத்தபோது வேறு யாரோ போல இருந்தாள். அம்மா பொட்டலத்தைக் கொடுத்தாள். துரைசாணி அதை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஜெர்மன் பாஷையில் ஏதோ சொன்னாள். அம்மா தமிழில் ஏதோ சொன்னாள். என்ன பேசினார்கள் என்று பக்கத்தில் நின்ற எங்கள் யாருக்கும் விளங்கவில்லை, அவர்களுக்கு விளங்கியது. துரைசாணி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அழவில்லை. போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹில்டா ஓடிவந்து, ஆத்தா, என்று அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் மறுபக்கம் முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். யாராவது இழுத்தால் நானும் சேர்ந்து போகிற மாதிரி. அம்மா ஹில்டாவின் தலையைத் தடவினாள். ஆனால் கண் துரைசாணி மேலேயே இருந்தது. இதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கார் தேனி ரோட்டைப் பிடித்துப் புழுதியில் மறையும்வரை மூவரும் நின்றோம். எனக்கு அவ்வளவு லேசாக இருந்தது, வரும்போது வாழைகளுக்கிடையில் குதித்துக் குதித்து வந்தேன்.

அவர்களை எந்தக் கேம்ப்புக்குக் கொண்டுபோனார்கள், பிற்பாடு என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல ஆளும் இல்லை. பங்களாவைப் பூட்டி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

அம்மா முழுசாக எனக்குத் திரும்பக் கிடைத்தாள். விடியும்போது வீட்டில் இருந்தாள், பொழுதுசாயும்போதும் வீட்டில் இருந்தாள். கேட்டபோது ஊட்டினாள். மடியில் இடம் இருந்தது. கையில் பழைய வாசனை வந்துவிட்டது. அப்பா இரண்டொரு முறை குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார், அப்படிப் பாராட்டுவதைப் பங்களாக்காரர்களிடம் கற்றுக்கொண்டிருப்பார். அம்மா அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். எனக்குத்தான் ஏதோ ஏமாற்றமாக இருந்தது. ஆசைப்பட்ட பொம்மை கைக்கு வந்த பிறகு அது பேசாது என்று தெரிவது போல.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, முற்றத்து வெயிலில் என்னை முன்னால் உட்காரவைத்து அம்மா ஈருளிச் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கிணற்றடியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்தி, எம் பேரு என்னன்னு ஒனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியும் என்றேன்.

"எங்க, சொல்லு பாப்போம்."

அம்மா பெயரை எந்தப் பிள்ளையாவது சொல்லுமா? சொன்னால் வாயில் சூடு போடுவார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அப்பா அவளை 'இந்தா' என்பார். அத்தை மதினி என்பாள். ஊருக்கு அவள் தோட்டத்துக்காரி. கம்பத்துப் பெரியப்பா வீட்டில் மூத்தவனோட அம்மா. நான் தலையைக் குலுக்கி, மாட்டேன், போம்மா என்றேன்.

"சும்மா சொல்லு. யாரும் இல்லல."

"மாட்டேன்."

அம்மா மறுபடி சீப்பை எடுத்தாள். கொஞ்சநேரம் கழித்து, துரைசாணி சொல்வாக, என்றாள். ஒரு நாளைக்குப் பத்துத்தடவ சொல்வாக. அவுக வாயில அது சரியாவே வராது.

அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது. ஆனால் எனக்கு அன்று விளங்கியதெல்லாம், கார் போய் இத்தனை நாளாகியும் அம்மா அந்தப் பங்களாவை மறக்கவில்லை, அந்த ஹில்டா இன்னும் அவள் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்து தலையை உருவிக்கொண்டு, பாதி வாரிய முடியோடு எஞ்சின் பக்கம் ஓடிப்போய், அங்கே நின்று அம்மா என்னைத் தேடி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.